மஞ்சள் காட்டில் மோகன்குமார்

நாமகிரிப்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் மோகன்குமாருக்குத் தான் அழகன் என்ற எண்ணம் கொஞ்சம் கூடுதல். மற்றபடி கெட்ட மனிதர் இல்லை.

மைதிலியும் கயல்விழியும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். கணவன்மார் இருவரும் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருந்தார்கள்.

ரீசார்ஜ் செய்யப் போன மைதிலியிடம், "உங்களப் பாத்தா காலேஜ் புள்ளையாட்டவே இருக்குதுங்க. தனியா ஒரு நா பேசோணுங்க" என்றார் மோகன்குமார். அடுத்த வாரம் போன கயல்விழியிடமும் எழுத்து மாறாமல் அதையே சொன்னார்.

மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்ததில் இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அவிககிட்டச் சொன்னா வண்டிய அங்கயே உட்டுப்போட்டு வந்துருவாங்கக்கா" என்றாள் கயல்விழி.

"வேண்டாம். கடைக்காரரு சம்சாரம் பிரபாக்கா தங்கமானவங்க. அவங்களுக்கு மட்டும் சொல்லிப்போடலாம்" என்றாள் மைதிலி. பிறகு யோசித்து, "மஞ்ச வெட்டவும் ஆள் கெடைக்கல" என்றாள்.

ஞாயிறு காலை, மைதிலி வரச்சொன்னபடி மோகன்குமார் சென்ட் மணக்க மஞ்சள் காட்டுக்கு வந்தார். வாயைத் திறப்பதற்குள் வரப்பில் கயல்விழி தெரிந்தாள்.

"ஐயோ, அவ வாராளுங்க. மஞ்ச வெட்ட வந்தேன்னு சொல்லிப்போடுங்க" என்று மைதிலி மண்வெட்டியைக் கையில் திணித்தாள்.

இருவரிடமும் ஒரே வசனத்தைப் பேசியது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அவர் குனிந்தவர் நிமிரவில்லை. கயல்விழி வேப்பமர நிழலில் உட்கார்ந்து, "ஆழமா வெட்டுங்க, இல்லீனா கெழங்கு ஒடைஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து இறங்கினாள் பிரபா. மோகன்குமார் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"கடையில ஸ்டாக் எடுக்கோணும்னு சொன்னீங்க?"

"இல்ல பிரபா, இவிங்களுக்கு ஒரு ஒத்தாசை..."

"எல்லாந் தெரியுமுங்க. நீங்க போட்டிருக்கற சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்ததே நாந்தானே" என்றாள் பிரபா. பெண்கள் மூவரும் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். தலையைத் தொங்கப்போட்டு நின்றவர், "தப்புத்தானுங்க" என்று முனகினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியவில்லை. பிரபா பிசைந்து ஊட்டினாள். மைதிலி தயிரை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

மறுநாள் அவரால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடியாததால் பிரபா கல்லாவில் உட்கார்ந்தாள். அவர் கொப்புளம் ஆறியும் அவள் எழுந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் மைதிலியும் கயல்விழியும் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறாள். எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வருபவர் மோகன்குமார்.