இருபது நிமிட மணி

என் வீட்டுச் சாவி என்னிடமே இருக்குமா, மகன் கைக்குப் போகுமா என்பதை ஒரு படம்தான் முடிவு செய்யும் என்றார்கள். நினைவு மருத்துவமனையில் எடுக்கிற படம். எனக்கு அறுபத்தெட்டு வயது. மறதி கொஞ்சம் உண்டு, இல்லையென்று நான் சாதிக்கவில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்கு என் மறதியைவிட என் பார்வைமேல்தான் சந்தேகம். கண்ணில் கோளாறு இல்லையாம், கவனம்தான் நிற்கவில்லையாம். ஒரு பொருள் தனியாக இருந்தால் பார்த்துவிடுகிறேன். பத்துப் பொருளுக்கு நடுவே இருந்தால், கண் அதன்மேல் பட்டும் தாண்டிப் போய்விடுகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது நான் அதற்கு எதிரிலேதான் நின்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்தான். பிடித்தது சனி.

“படம் நல்லா வந்தா நீங்க தனியாவே இருங்கம்மா. வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்” என்றான். மருமகள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையில் துணி தேய்க்கிற மேஜையும் பேரனின் உடைந்த சைக்கிளும் கிடக்கின்றன. என்னுடையது இரண்டே அறைதான். ஆனால் அங்கே நான் எப்போது விளக்கைப் போட்டேன், எப்போது அணைத்தேன் என்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

பரிசோதனை சிறுபிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருந்தது. திரையில் வளையங்கள் வரிசை வரிசையாக வரும். எதிலாவது ஒரு சின்ன இடைவெளி இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நம் கண் எங்கெங்கே போகிறது என்பதைத் திரைக்குக் கீழே இருக்கும் கேமரா புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளும், அதுதான் படம். இருபது நிமிடம் பார்த்ததும் ஐந்து நிமிட ஓய்வு, பிறகு இன்னொரு இருபது நிமிடம்.

என்னிடமா இந்த விளையாட்டு? கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இதைத்தானே செய்தேன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் போய்க்கொண்டே இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விரிசல் பார்க்க வேண்டும். பாட்டிலின் பின்னால் கண் ஓடக் கூடாது. கண் நிற்க வேண்டும், பாட்டில் அதைத் தேடி வர வேண்டும். அங்கேயும் கணக்கு இருபது நிமிடம்தான். இருபது முடிந்தால் எழுந்து பெட்டி கட்டப் போக வேண்டும், வேறொருத்தி வந்து உட்காருவாள். அதற்குமேல் உட்கார்ந்தால் யார் கண்ணும் பொய் சொல்லும். இது அங்கே புதிதாகச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு மட்டும் தெரியாது. ‘சீக்கிரம் சார்’ என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தோம். எதிலும் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம்” என்றபடியே வளைய வருவார். ஒருநாள் ஆள் குறைவு என்று என்னை மாற்றிவிடவே இல்லை. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் விரிசலோடு ஒரு பாட்டில் போய்விட்டது, எங்கேயோ ஒருவர் கையைக் கிழித்துவிட்டது. விசாரணையில் அந்த மனுஷன் கூசாமல் சொன்னார்: “மாத்துறதுக்கு ஆள் அனுப்பினேன். இவங்க எழுந்திருக்கல. தூங்கிட்டாங்க.”

வேலை போனதுகூடப் பெரிதில்லை. ‘தூங்குமூஞ்சி’ என்ற பெயர் என்னைத் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்ததுதான். ஒருவேளை ஆள் வந்து கூப்பிட்டிருப்பாளோ, என் காதில்தான் விழவில்லையோ என்று எத்தனை வருடம் புழுங்கியிருப்பேன். பிறகு என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி சந்தையில் என்னைப் பார்த்தபோது சொன்னாள், அன்றைக்கு யாரையும் அனுப்பவில்லை என்று. அதிலிருந்து அந்த மனுஷன் நன்றாக இருக்கக் கூடாது என்று நினைக்காத நாளில்லை.

வேலை போய் இருபத்திரண்டு வருடம் கழித்து, மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியை இரண்டு விரல் தட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். தலை வழுக்கை, தோள் கூனிப் போயிருந்தது. நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அவருக்கு என்னைத் தெரியவில்லை. என்றைக்கு எங்கள் முகத்தைப் பார்த்தார், இன்றைக்கு ஞாபகம் வர?

அவருக்கும் என்னுடைய பிரச்சினையேதான். கார் ஓட்டலாமா, கூடாதா என்பது அவர் வீட்டுப் பஞ்சாயத்து. கூட வந்திருந்த மகள், படம் வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியிருந்தாளாம். பேச்சுவாக்கில் தொழிற்சாலைக் கதையை அவரே எடுத்தார். “எங்கிட்ட அறுபது பொம்பளைங்க வேலை பார்த்தாங்க. ஒருத்தி தூங்கித் தொலைச்சா. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்” என்று என்னிடமே சொல்லிவிட்டுச் சிரித்தார். சொன்ன பொய்யை அவரே நம்பியிருந்தார்.

எங்களை ஜோடி சேர்த்தது டாக்டரம்மாதான். ஒருவர் திரையைப் பார்க்கும்போது மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து, இருபதாவது நிமிடம் மேஜை மணியை அடிக்க வேண்டும். அதுவும் கவனத்துக்கு ஒரு பயிற்சியாம். மணி கேட்டதும் திரைக்கு முன் இருப்பவர் நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கலாம். கேட்காவிட்டால் வளையங்கள் வந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் அவர் முறை. மணி என் கையில்! பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பது சும்மாவா?

உதவிக்கு இருந்த பெண் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். முள் இருபதைத் தொட்டது. என் உள்ளங்கை மணியின்மேல்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். உட்காரு ராசா, நன்றாக உட்காரு என்று மனத்துக்குள் சொன்னேன். முப்பதாவது நிமிடம் அவர் நெற்றி வேர்த்தது. முப்பத்தைந்தில், இடைவெளியோடு ஒரு வளையம் நட்டநடுவில் வந்தும் அவர் விரல் அசையவில்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்து அந்தப் பெண் வரும்வரை நான் மூச்சுக்கூட விடவில்லை.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா முகம் சுளித்தார். பின்பாதி முழுக்கக் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றுவிட்டதாம். நடுவில் ஓய்வெடுக்கவில்லையா என்று கேட்டார்.

“யாரும் மணி அடிக்கலையே” என்றார் அவர்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“அடிச்சேன். அவருக்குத்தான் கேக்கல.”

அவர் என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். “அடிச்சிருப்பாங்க. என் காதுலதான் விழல போலிருக்கு” என்றார், குரல் இறங்கிப்போய். என்னுடைய பழைய புழுக்கம் அப்படியே அவர் வாயில். பக்கத்தில் அடித்த மணியே கேட்காவிட்டால் சாலையில் ஹாரன் எங்கே கேட்கும் என்று மகள் கேட்டாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து ஒரு பெரிய டம்ளர் காபி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து குடித்தேன்.

அடுத்த வாரம் என் முறை. மணி அவர் கையில் என்பது, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வளையங்கள் வரத் தொடங்கின. கண்ணை நிறுத்தினேன், வரட்டும் என்று. முதல் ஏழெட்டை விடாமல் பிடித்தேன். பிறகு இடது பக்கம் நாற்காலிக் கைப்பிடியில் இரண்டு விரல் தட்டுகிற சத்தம். ஆள் என்னைக் கண்டுகொண்டுவிட்டாரா? மணி அடிப்பாரா, மாட்டாரா? ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குத் திரும்பினேன். ஒரு வளையம் தப்பிப் போனது. மறுபடியும் அவர் பக்கம். கை மணிமேல் இருக்கிறதா? இருக்கிறது. அன்றைக்கு என் கையும் அங்கேதானே இருந்தது?

சரியாக இருபதாவது நிமிடம் மணி அடித்தது. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது சுற்றும் அதே கூத்துதான்.

மகன் வந்திருந்தான். டாக்டரம்மா படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். சிவப்புப் புள்ளிகள் பாதிக்குமேல் வளையங்கள் மேலேயே இல்லை. இடது ஓரத்தில் ஈ மொய்த்த மாதிரி கிடந்தன.

“தொடக்கத்துல ரொம்ப நல்லா பார்த்திருக்கீங்கம்மா. அப்புறம் கண்ணு வெளிய வெளிய போகுது. அங்க ஏதாவது இருந்துச்சா? காரணம் இருந்தா சொல்லுங்க, இதைக் கணக்குல எடுக்காம இன்னொரு தடவை வச்சுக்கலாம்” என்றார்.

காரணம் இருந்தது. அதைச் சொன்னால் என் வீடு எனக்கு. ஆனால் அதைச் சொன்னால் போன வாரத்து மணியையும் சொல்ல வேண்டும். அவருடைய படத்தையும் தள்ளிவிடுவார்கள். சாவி திரும்ப அவர் சட்டைப் பைக்குப் போகும். வாசலருகே அவர் மகளுக்காகக் காத்து நின்றிருந்தார். விரல்கள் வெறும் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டிருந்தன.

“ஒண்ணுமில்ல டாக்டர். சும்மாதான் கண்ணு போச்சு” என்றேன்.

மகன் பெருமூச்சு விட்டான். வெளியே வரும்போது அந்த மனுஷன் என்னை மறித்தார். “நான் சரியாத்தானேம்மா அடிச்சேன்? உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?” என்றார். போன வாரத்திலிருந்து அவருக்குத் தன்மீதே நம்பிக்கை இல்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை.

“கேட்டுச்சு. நிமிஷம் தப்பாம அடிச்சீங்க” என்றேன்.

மகன் கையை நீட்டினான். பையின் அடியில் துழாவி, இரண்டு அறை வீட்டுச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.