நாற்பத்தேழில் முடியும் எண்

உதவி மையம் நூலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. வரிசை படிக்கட்டிலேயே தொடங்கிவிட்டது. புது மாணவர்கள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால் நின்றவன் வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். தாடி வைத்திருந்தான். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"இந்த வரிசையில நின்னே டாக்டர் பட்டம் வாங்கிடலாம் போல இருக்கு பாஸ்" என்றான்.

"ம்" என்றேன்.

"உங்களுக்கு என்ன சிக்கல்?"

"ஓடிபி வரல."

"எனக்கும்தான். எவனுக்கோ போயிட்டிருக்கு. அவன் என் பேர்ல படிச்சு பாஸ் பண்ணிடுவான். பண்ணட்டும்."

எனக்கு வராததன் காரணம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான். மின்னஞ்சல், வைஃபை, நூலகம், பிரின்ட் எடுப்பது, பாடப் பதிவு. கடவுச்சொல் போட்டதும், விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் எண்ணுக்கு ஓடிபி போகும். அதைத் தந்தால்தான் கணக்கு திறக்கும். பாடப் பதிவு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பதியாதவரின் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

திரையில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. நாற்பத்தேழு. அது என் மனைவியின் எண்.

விண்ணப்பம் போட்டது அவள்தான். மதிய இடைவேளையில், அவள் அலுவலகத்தில் இருந்தபடி. அனுப்பிவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். ஏன் உன் எண்ணைக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"உன் நம்பரக் குடுத்தா, கூப்பிட்டுக் கூப்பிட்டு அவங்க வெறுத்துப் போயி வேற ஆளப் பாத்துப்பாங்க. உன்னோடது ஊமை போனு."

என் கைபேசி எப்போதும் சத்தமில்லாமல் கிடக்கும். எங்கள் வீட்டு ஓடிபி எல்லாம் அவளுக்குத்தான் வரும். வங்கி, கேஸ், மின்சாரம் எதுவானாலும். நான் கணினி முன்னால் உட்கார்ந்து கேட்பேன். அவள் சமையலறையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கத்துவாள். கடைசி எண்ணை மட்டும் இரண்டு தடவை சொல்வாள். முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு அவளைக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். வீட்டுக்குத் திரும்பவில்லை. இடம் கிடைத்த செய்தி என் மின்னஞ்சலுக்கு வந்தபோது அவள் இல்லை.

"அவ போன மட்டும் எங்ககிட்ட குடுத்துடுங்க" என்று அவள் அம்மா, என் அத்தை, கேட்டார். கொடுத்தேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று மாமா வாசலுக்கு வரவில்லை. அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார். "இன்னும் கண்ணுல ஈரம் காயல. அதுக்குள்ள படிக்கக் கிளம்பியாச்சு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதன்பின் நானும் அழைக்கவில்லை, அவர்களும் அழைக்கவில்லை.

"அடுத்தவங்க வாங்க."

மேசைக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் இருந்தார். என் மாணவர் எண்ணைத் தட்டினார்.

"நாப்பத்தேழு உங்க நம்பர் இல்லையா?"

"மனைவியோடது."

"அட, அப்ப என்ன. ஒரு போனப் போட்டுக் கேளுங்க."

"அவங்க இறந்துட்டாங்க."

அவர் தட்டுவதை நிறுத்தினார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நம்பர மாத்தலாம். ஆனா மாத்துறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும்." சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. "இல்லேன்னா சான்றிதழோட மனு குடுக்கணும். அது ரெண்டு மூணு நாள் இழுக்கும்."

"இன்னிக்குள்ள பதியணும்."

"தெரியும். அந்த போன் யார்கிட்ட இருக்கு? உயிரோட..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆன்ல இருக்கா?"

"தெரியல" என்றேன். மாமாவின் எண்ணை எடுத்தேன். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

மணி அடித்து ஓயப் போகும் நேரத்தில் எடுத்தார்.

"யாரு?"

என் பெயர் அவர் கைபேசியில் இருக்கிறது. ஆனாலும் கேட்டார்.

"நாந்தான் மாமா."

"சொல்லுங்க." வழக்கமாக வரும் மாப்பிள்ளை வரவில்லை.

"அவ போன் ஆன்ல இருக்கா?"

"தினமும் சார்ஜ் போடுறேன். எதுக்கு?"

"அதுக்கு ஒரு ஓடிபி வரும். ஆறு நம்பர். படிச்சுச் சொல்லணும் மாமா."

மடிக்கணினியில் அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். மாமாவின் கைபேசி வழியாக அந்த ஒலி கேட்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுகிற மாதிரி. அவள் தேடித் தேடி வைத்த ஒலி. எங்கோ ஒரு பாத்திரம் ணங்கென்று வைக்கப்பட்டது.

"ஏங்க..." அத்தையின் குரல். "ஏங்க, அவ போன் அடிக்குது. யாருங்க அவளுக்கு மெசேஜ் போடுறா?"



மாமா கண்ணாடியைத் தேடினார். டிவி மேல், ஜன்னலில், கடைசியில் சட்டைப் பையில். படித்து முடித்தபோது நேரம் தாண்டியிருந்தது. அப்படியும் போட்டுப் பார்த்தேன். செல்லாது என்றது திரை.

"இன்னும் ரெண்டு தடவதான். அப்புறம் கணக்கு பூட்டிக்கும்" என்றார் அந்தப் பெண் தாழ்ந்த குரலில்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி சொட்டு. மாமா உடனே படித்தார். போட்டேன். தவறு என்றது.

"மாமா, இப்ப வந்ததத்தானே படிச்சீங்க?"

"இதுல ரெண்டு கெடக்கு. முதல்ல வந்ததப் படிச்சேன். முதல்ல வந்ததுதானே முதல்ல போகணும்?"

ஓய்வு பெறும்வரை மாமா பார்சல் அலுவலகத்தில் இருந்தவர். வந்த வரிசையில்தான் மூட்டை வண்டியேறும். அமைச்சர் வீட்டு மூட்டை என்றாலும் சரி. பக்கத்து மேசையில் இருந்த தாடிக்காரன், "பெரியவர் சொல்றதுல நியாயம் இருக்கு பாஸ்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் அடங்கிவிட்டான்.

"இதுல கடைசியா வந்ததுதான் செல்லும் மாமா. இன்னும் ஒரே தடவ. தப்பாப் போச்சுன்னா இடம் போயிடும்."

"இருங்க. ஒண்ணு கேக்கறேன். உங்க படிப்புக்கான நம்பர் அவ போனுக்கு ஏன் வருது?"

"விண்ணப்பம் போட்டது அவதான் மாமா."

"எப்ப?"

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி. எங்கிட்டகூடக் கேக்கல. போட்டுட்டுத்தான் சொன்னா."

மாமா வாயைக் கைபேசியிலிருந்து திருப்பிக்கொண்டு அத்தையிடம் சொன்னார். "அவர அங்க படிக்க அனுப்புனதே நம்ம பொண்ணுதானாம்."

"என்னது?"

"ஆமாங்கறேன். அதான் இதுக்கு வருது."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

"அழுத்தக்காரி" என்றார் அத்தை. "பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எங்கிட்ட சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிப் பேசியிருக்கப் போறேன்?" மூக்கை உறிஞ்சினார். "குடுங்க அத. உங்களுக்குப் படிக்கத் தெரியல."

கைமாறும் ஓசை. குரல் அருகில் வந்தது.

"அனுப்பச் சொல்லுங்க."

அழுத்தினேன். சொட்டு விழுந்தது. அவர் ஒரு கணம் தாமதித்தார். பிறகு, அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும் என்பதைப் போல, உரக்கச் சொன்னார்.

"எட்டு. மூணு. சைபர். அஞ்சு. ரெண்டு. ஒம்போது. ஒம்போது."

"ஏழு நம்பர் சொல்றாங்களே" என்றார் அந்தப் பெண், பதறிப்போய். "திரும்பக் கேளுங்க."

"வேண்டாம்" என்றேன். "ஆறுதான்." ஒன்பதை ஒரு தடவை மட்டும் போட்டேன்.

கணக்கு திறந்தது. பாடங்களைத் தேர்ந்தெடுத்தேன். பதிவு ஆயிற்று என்று வந்தது. அந்தப் பெண் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"அத்தை, ஆயிடுச்சு."

"ஆச்சா? சரி." வேறு எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கைபேசியை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

"இப்ப உங்க நம்பரப் போட்டுடலாம்" என்றார் அந்தப் பெண். "பழசத் தூக்கிடவா?"

மாமாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை."

"மாமா."

"அத எடுக்காதீங்க."

"ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தொந்தரவு மாமா."

"என்ன தொந்தரவு? தினம் சார்ஜ் போட்டு சும்மாதானே வச்சிருக்கோம். எப்பவாவது அடிக்கட்டும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நான் கேட்காமலே என் எண்ணை இரண்டாவதாகச் சேர்த்தார். நாற்பத்தேழு மேலேயே இருந்தது.

"உங்க அத்தை என்னமோ சொல்றா" என்றார் மாமா. "இனிமே தான் கூப்பிட்டா எடுக்கணுமாம். ஊமை போனு கதையெல்லாம் வேண்டாமாம்."

"எடுக்கறேன்னு சொல்லுங்க."

நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலியை இருந்த இடத்தில் போட்டேன். படியில் வரிசை இன்னும் குறையவில்லை. பாதிப் படியில், சுவரோரமாக ஒதுங்கி நின்று, கைபேசியில் சத்தத்தை வைத்தேன்.