லிட்டருக்குப் பதினொன்று

மச்சான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். அப்புறம் தண்ணீர் பாட்டிலை. வேன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, நான் முகம் துடைக்கிற துண்டை இரண்டு விரலால் தூக்கி, அதையும் மூக்கருகே கொண்டுபோனார். முட்டைக் கிடங்கில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சோறே இனி வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு. ஒரு மனுஷன் சாப்பிடப்போகிற சோற்றை இன்னொரு மனுஷன் நாய் மாதிரி மோந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. சும்மா பாத்தேன்," என்றார். நாலு பேர் இருந்தால் 'நீங்க', இல்லாவிட்டால் 'நீ'. அவர் மரியாதை அப்படி.

விஷயம் இதுதான். அந்தச் சின்ன வேன் வாங்கின புதிதில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது பதினொன்று. மிச்ச டீசலை நான் குழாய் போட்டு உறிஞ்சி விற்கிறேன் என்று மச்சான் முடிவு கட்டிவிட்டார். என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, தங்கையிடம் சொன்னார். அவர் தங்கைதான் என் மனைவி. ஒரு வாரமாக, என் சட்டையைத் துவைக்கப் போடும் முன் அவள் அதை முகத்தருகே கொண்டுபோய் ஒரு கணம் நிற்பதைப் பார்க்கிறேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மச்சான் மோந்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம், இதை எப்படிப் பொறுப்பது?

வேலையில் நான் என்ன குறை வைத்தேன்? நாற்பது கடைக்கு முட்டை போட வேண்டும். ஒரு கடையை விட்டுக் கிளம்பினால் கியர் மாற்றுவதற்குள் அடுத்த கடை வந்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது மச்சான் போட்ட சட்டம். "நிக்கிற வண்டி டீசல் குடிக்கக் கூடாது." சொன்னபடி அணைத்தேன். சில நாள் வண்டி சும்மா இருக்கும்போதே உறுமும், அணைத்த பிறகும் உள்ளே விசிறி ஓயாமல் சுற்றும், அடியிலிருந்து காந்தல் நாற்றம் வரும். ஒருநாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். மச்சான் அதன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு, "இப்ப எரியுதா?" என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

டப்பாவில் ஒன்றும் அகப்படாததால் வேனோடு என்னையும் ஒர்க்ஷாப்புக்கு அழைத்துப் போனார். டீசல் குழாயில் நான் போட்ட ஓட்டையை மெக்கானிக் கண்டுபிடித்துத் தர வேண்டுமாம். அந்த மெக்கானிக்கை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு தடித்த மூக்குக்கண்ணாடி. வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குழாயெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு," என்றபடி எழுந்தார். முன்பக்கத்தைத் திறந்து, எஞ்சின் ஆயில் அளக்கிற கம்பியை உருவினார். குறியைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே வரை ஈரம்.

"ஆயில் எப்ப ஊத்துனீங்க?"

"ஊத்தவே வேணாம். என் வண்டி ஆயிலே குடிக்காது." மச்சானுக்கு அதில் ஒரு பெருமை.

கண்ணாடி கம்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

விரலால் தொட்டு மோந்தார். நானும் பக்கத்தில் போனேன். கெட்டியாக இருக்க வேண்டிய ஆயில் சாக்கடைத் தண்ணீராகச் சொட்டியது. பச்சை டீசல் நாற்றம்.

"புகைக் குழாயில கரியப் புடிச்சு வைக்க ஒரு பில்டர் இருக்கு. அது ரொம்புனா வண்டியே கூடுதலா டீசல் அடிச்சுக் கரிய எரிக்கும். அதுக்குக் கால் மணி நேரமாவது நிக்காம ஓடணும். நடுவுல அணைச்சா, மறுபடி மொதல்லேருந்து. எரியாத டீசல் ஆயில்ல எறங்கிடும். அடைச்சுப்போன பில்டரோட மூச்சு முட்டி ஓடுறதுக்கு இன்னும் கொஞ்சம் குடிக்கும். மைலேஜ் எப்படி வரும்?" கண்ணாடி என்னைப் பார்த்தார். "கடைக்குக் கடை அணைக்கச் சொன்னது யாரு?"

மச்சான் விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். தப்பா நெனச்சுட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்துக்கொண்டு நின்றேன்.

"இந்த டீசல வடிச்சு மறுபடி டேங்குல ஊத்திக்கலாமா?" என்று கேட்டார்.

கண்ணாடி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வண்டிக்கு அடியில் ஒரு தட்டை நகர்த்தி, ஆயில் வடிகிற திருகாணியைக் கழற்றிவிட்டு, இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனார்.

மச்சான் அதற்குள் தங்கைக்குப் போன் போட்டிருந்தார். "ஆமாம்மா, பாத்தாச்சு. போனது போகட்டும். நம்ம மாப்ளதானே, மன்னிச்சு விட்டுட்டேன்." பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"நான் எடுக்கல," என்றேன். "எல்லாம் எஞ்சினுக்குள்ளேயே இருந்திருக்கு. உங்கண்ணன் கண்ணால பாத்தாரு, கேளு."

அவள், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "அவரே பெரிய மனசு பண்ணி விட்டுட்டாரு. நீங்க எதையாவது பேசி வளத்துக்காதீங்க," என்றாள். "இனிமே எடுக்காதீங்க, அவ்வளவுதான்."

தட்டு நிரம்பி வழிந்தது. கறுப்பு ஆயில் தரையில் பரவி வந்து என் செருப்புக்கு மேலேறி விரலிடுக்குகளில் வெதுவெதுப்பாகப் புகுந்தது. போனைக் காதில் வைத்தபடி நின்றேன். காலை எடுக்கத் தோன்றவில்லை.