பன்னிரண்டாவது ஆள்

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில், பால் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பக்கத்து மூலையில் நாங்கள் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தோம். பன்னிரண்டு பேர் வேண்டும். இல்லையென்றால் எங்கள் வேட்பாளரான கர்னலின் அணி அங்கேயே கலைந்துவிடும். ஆளாளுக்கு வேறு மூலை தேடிப் போக வேண்டியதுதான். அயோவா மாநிலத்தில் எங்கள் கட்சிக்காரர்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். வாக்குச்சீட்டும் கிடையாது, மறைவும் கிடையாது. யார் பக்கம் என்பதை ஊர் பார்க்க நின்று காட்டவேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தவர் கர்னல் இல்லை. எதிர்மூலையில் பெருங்கூட்டம் சேர்த்திருந்த முன்னாள் ஆளுநர் அம்மாள்தான். ஆனால் அந்த வருடம் நாங்கள் எல்லோரும் எங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, பொதுத் தேர்தலில் வெற்றி தோல்வியை முடிவு செய்கிற ஒஹாயோவில் எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். ஈராக்கில் போர் நடக்கிறது. பட்டாளத்துக்காரரை நிறுத்தினால் நம் கட்சிக்காரர்களைக் கோழைகள் என்கிறவர்கள் வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு என்ன பெரிய அரசியல் மூளை. கடைசியில் கர்னல் போட்டியில் மார்ச் மாதத்தைக்கூடத் தாண்டவில்லை.

என் தம்பி வெர்லின் ஆளுநர் பக்கம் நின்றான். இத்தனைக்கும் அந்த அறையில் வியட்நாம் போருக்குப் போய்வந்தவன் அவன் ஒருவன்தான். என்னடா இப்படி என்று முந்தின வாரம் கேட்டிருந்தேன். "பட்டாளத்துல என்ன கத்துக்குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நாட்டை ஆள்றது அதுல இல்ல," என்று சொல்லிவிட்டு, காரில் படிந்திருந்த பனியைச் சுரண்டப் போய்விட்டான்.

ஆட்களை இழுக்க எங்களுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். நான் பெஞ்சின்மேல் ஏறினேன். மருத்துவச் செலவு, வரி என்று எழுதி வைத்திருந்த காகிதம் பையிலேயே இருந்தது. எதிரே இருந்த முகங்களில் ஏற்கெனவே கொட்டாவி. தம்பியைக் கை காட்டி, அடிபட்ட நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு குண்டு மழைக்கு நடுவே வயல் தாண்டி வந்தவன் இவன் என்றேன். இப்படிப்பட்ட ஒருவரை நிறுத்தினால் எதிர்த்துப் பேச எவனுக்குத் துணிச்சல் வரும் என்றும் கேட்டேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. விதைக்கடை டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷமா என் கடைக்கு வர்றே, ஒரு வார்த்தை சொன்னியாப்பா?" என்று வெர்லினைக் கட்டிக்கொண்டான். அவனும் இன்னும் இரண்டு பேரும் தம்பியை அணைத்தபடியே எங்கள் மூலைக்குக் கூட்டிவந்தார்கள். யாரோ அவன் கோட்டில் கர்னலின் ஸ்டிக்கரை ஒட்டினார்கள்.

அந்தக் கதையை அவன் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறான், அப்பா இறந்த அன்று, மருத்துவமனைக்கு வெளியே, காருக்குள். வயலில் கிடந்தது இரண்டு பேர். எடை குறைந்தவனை இவன் தூக்கினான். மற்றவன் வெகுநேரம் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். பெஞ்சின்மேல் நின்றபோது அது எனக்கு மறந்துபோய்விடவில்லை. தெரிந்தேதான் அதைச் சொல்லாமல் விட்டேன். இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

வெர்லின் என் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் கோபமில்லை.

"ரெண்டு பேரு, அக்கா," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கூட்டத்தை நடத்திய ஆர்டித் எண்ணுவதற்கு வந்தாள். வரிசையாக ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே உரக்கச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வந்ததும் எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். டெல்பர்ட் பதிமூன்று என்றான். அடுத்து வெர்லின். அவன் வாய் திறக்கவில்லை. ஆர்டித் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். அறை முழுக்க அவனையே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது.

"பதினாலு," என்றேன் நான். பிறகு எனக்கான எண்ணையும் சொன்னேன்.