இடப்பக்கம் வருகிறவன்

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் வெண்டல் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் அரைக்கிழங்கள் ஆடும் ஐஸ் ஹாக்கியில் அவனும் நானும் தடுப்பாட்டக்காரர்கள். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சொன்னான்: “அந்தக் காலத்துல மாத்து ஆட்டக்காரனே கெடயாது, தெரியும்ல? ஒருத்தன் அடிபட்டு வெளிய போனா, எதிரணியும் மரியாதைக்கு ஒருத்தன உக்கார வச்சிடுவாங்களாம்.”

சொல்லிவிட்டு அவன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். என் நிம்மதி போய்விட்டது. யாரை உட்கார வைப்பார்கள்? நானே உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஒருவன் முன்வந்தால், அவனுக்குள் என்ன பயம் இருந்திருக்கும்? பயம் எனக்குக் கைவந்த கலை. எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “சுரங்கத்தின் சங்கு ஊதியபோது ஏரியின் மேல்

வேண்டாம். எங்கள் ஊரில் சங்கு ஊதாமல் யாரும் கதை தொடங்கியதில்லை.

இரண்டாவது: “லோர்ன் மெக்காபி சம்பளம் வாங்கிக்கொண்டு ஹாக்கி ஆடினான்.” இது நிற்கும். 1906-இல் கனடாவில் ஒருவனைப் பற்றி இப்படிச் சொன்னால் குடிகாரன் என்று சொன்ன மாதிரி. ஒரு முறை காசு வாங்கியவனை உள்ளூர்க் குழுக்கள் மறுபடி சேர்ப்பதில்லை. அதனால் அவன் எல்லை தாண்டி, மிச்சிகனின் வடக்கே எங்கள் செம்புச் சுரங்க ஊருக்கு வந்தான். பின்லாந்துக்காரி சைமாவைக் கட்டிக்கொண்டான். ஹாக்கி போனால் அவனுக்கு மிச்சம் சுரங்கம்தான். அதில் சைமாவின் அண்ணன் செத்திருக்கிறான்.

(அண்ணனைக் கொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டும். ‘சுரங்கத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டுமே’ என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது.)

3

லோர்னை முதலில் வீரனாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பயப்படாத ஆளோடு எனக்குப் பழக்கமில்லை. ஆகவே அவனுடைய இடது கண்ணை எடுத்துக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் ஒரு மட்டையின் நுனி பட்டது. வீக்கம் வடிந்த பிறகு, பார்க்கிறவர்களுக்குக் கண் பழையபடி நன்றாகவே இருந்தது. பார்வை மட்டும் திரும்பவில்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை, சைமாவிடம்கூட. ஒற்றைக் கண்ணனுக்கு எந்தக் குழு சம்பளம் கொடுக்கும்?

என்னைப் பயமுறுத்தியது இனிமேல் வருவதுதான். கண் போன பிறகே அவன் புகழ் ஏறியது. இடப்பக்கம் பாய்ந்து வருகிறவன் அவனுக்குத் தெரிவதில்லை; ஆகவே அவன் ஒதுங்குவதும் இல்லை, வேகத்தைக் குறைப்பதும் இல்லை. நேரே போய் மோதுவான். “திரும்பிக்கூடப் பாக்கல பாத்தியா!” என்று கூட்டம் கூத்தாடியது. பத்திரிகைக்காரர்கள் ‘இரும்புக் கதவு’ என்று பட்டம் கொடுத்தார்கள். மேலாளர் டிரெடினிக் சம்பளத்தை ஏற்றினார். குருட்டு அதிர்ஷ்டம் என்பார்களே, அது

இந்த வரியை அடித்துவிட்டேன். அவன் படும் பாட்டில் எனக்கு என்ன கிண்டல்? ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அவன் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். இன்றைக்கு யாரைக் கொல்லப் போகிறேனோ என்ற பயம்.

4

சனிக்கிழமை ஆட்டம். எதிரணியில் பெர்சி குவில் என்று ஓர் ஒல்லிப் பையன். ரப்பர் வட்டை மட்டையோடு ஒட்டிவைத்ததுபோல் தள்ளிக்கொண்டு, லோர்னின் இடப்பக்கமாக வந்தான். லோர்னுக்கு முதலில் தெரிந்ததே சத்தம்தான். குவிலின் தலை பக்கப் பலகையில் மோதி, பனியில் ரத்தம் பரவியது.

கூட்டம் தரையை உதைத்து ஆர்ப்பரித்தது. எதிரணித் தலைவன் கத்தினான்: “கொலகாரப் பயலே! மரம் மாதிரி நிக்கிறான் பாரு!”

குவிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிரெடினிக் பெருமூச்சு விட்டார். “சரி, மொறப்படி நாமளும் ஒருத்தன உக்கார வைக்கணும். யாரு?”

“நான் உக்காந்துக்கறேன் சார்,” என்றான் லோர்ன்.

“பைத்தியமா ஒனக்கு? ஊரே காசு கொடுத்து வந்தது ஒன்னப் பாக்கத்தான்.”

“நான் உக்காந்துக்கறேன்.”

கோல்காப்பாளன் ஒவிலா குறுக்கே வந்தான். “மனசு கேக்கல இவனுக்கு. விடுங்க சார்.”

எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். சுத்தப் பொய். இன்னொருவன் இடப்பக்கம் வந்துவிடுவானோ என்று அவன் பயந்தான்.

5

பார்வையாளர் படிகளிலிருந்து சைமா இறங்கி வந்து, பெஞ்சில் அவனுடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவன் கன்னத்துக்கு அருகே விரல்களை ஆட்டினாள். இமை அசையவில்லை.

“எத்தன நாளா இப்பிடி?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “நீ எப்ப வந்தே?”

“நான் வந்து ஒக்காந்தாச்சு. நீ காபிக் கோப்பையத் தட்டிவிடும்போதெல்லாம் தூக்கக் கலக்கம்னு நெனச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.”

“மெதுவா பேசு. டிரெடினிக் காதுல விழுந்தா சுரங்கந்தான்.”

“அந்தப் பையன் செத்துட்டா?”

“தெரியாம மோதிட்டேன், சைமா.”

“அதச் சொல்லிடேன். தெரியாமத்தான்னு.”

“சொன்னா, ஏன் தெரியலன்னு கேப்பாங்களே.”

இதற்கு மேல் சைமாவுக்கு வசனம் எழுத எனக்கு வரவில்லை. அவன் சொன்னது சரிதான், அதுதான் கஷ்டம்.

6

ஒரு முடிவு: லோர்ன் உண்மையைச் சொல்கிறான். டிரெடினிக் கண்கலங்கி அவனைத் தழுவிக்கொண்டு, அரங்கத்திலேயே வேறு வேலை போட்டுக் கொடுக்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் முதலாளிகளை நீங்கள் பார்த்ததில்லை.

இன்னொன்று: குவில் செத்துப்போகிறான். போலீஸ் வருகிறது. “வேணும்னே மோதினியா?” என்று நீதிபதி கேட்க, லோர்ன் எழுந்து நின்று

முடியவில்லை. ஒல்லிப் பையனைக் கொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே குவிலைப் பிழைக்க வைத்தேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்து, வசமாக மாட்டிக்கொண்டேன்.

7

மருத்துவர் தையல் போட்டு, தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டுக் கட்டி அனுப்பிவிட்டார். குவில் சிரித்துக்கொண்டே பனித்தளத்துக்குள் சறுக்கி வந்தான். இரண்டு ஊர்க் கூட்டமும் எழுந்து நின்று கத்தியது. அடிபட்டவன் திரும்பிவிட்டால், அவனுக்காக உட்கார்ந்தவனும் திரும்ப வேண்டும். அதுவும் முறைதான்.

“எந்திரிப்பா, இரும்புக் கதவு!” டிரெடினிக் கை தட்டினார்.

“வாய்யா! இன்னொரு தடவ மோதிப் பாரு!” என்றான் குவில். சின்ன வயசு, பயமே இல்லை.

லோர்ன் எழுந்தான். மட்டையை எடுத்தான். பலகையின் திறப்பில், ஒரு காலைப் பனியில் வைத்தபடி நின்றான். எதிரே பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டான்:

“சைமா, அவன் எங்க நிக்கிறான்?”

குவில் இடப்பக்கம், மட்டைக்கு எட்டும் தூரத்தில், அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறான். சைமா அந்த வெள்ளைக் கட்டையே பார்க்கிறாள். டிரெடினிக் இரண்டடி தள்ளி நிற்கிறார். நான் பேனாவை மூடிவிட்டேன், என்னால் ஆகாது. பதில் உங்களுக்கும் தெரியும், நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் லோர்ன் உள்ளே போவான், குவில் மறுபடி அவனுடைய இடப்பக்கம் வருவான். உரக்கச் சொன்னால் டிரெடினிக்குக் கேட்கும்.