ஒருவேளை வந்த தாய்மாமன்

என் தங்கை மகள் கல்யாணத்துக்கு என்னைப் பாதிதான் உள்ளே விட்டார்கள். இடது பாதி. வலது பாதி மண்டப வாசலில், கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது.

யாரையும் குறை சொல்ல முடியாது. பத்திரிகை வைக்க வந்தபோது, "ஒருவேளை வருவேன்" என்று சொல்லியிருந்தேன். ஒருவேளை என்றால் பாதி ஆள். எல்லா மண்டபத்திலும் அதுதான் வழக்கம்.

நான் வானிலை அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவன். மழை பெய்யும் என்று ஒரு நாளும் எழுதியதில்லை. பெய்யக்கூடும். அவ்வளவுதான். ஒரு புயலைப் பற்றி, கரையைக் கடந்தாலும் கடக்கலாம் என்றே தினமும் எழுதிவந்தேன். பாவம், அது கடலிலேயே நரைத்துப்போய், கடைசியில் கைத்தடி ஊன்றிக்கொண்டு கரையேறியது.

வரவேற்பு மேசையில் சம்பந்தியின் தம்பி கஜேந்திரன் இருந்தார். என் அரை முகத்துக்கு அளவாகப் பன்னீர் தெளித்தார்.

"மிச்சத்தையும் உள்ள விடுங்க," என்றேன். "நான் தாய்மாமன். பொண்ணு நெத்தியில பட்டம் கட்டணும். அதுக்கப்புறம்தான் தாலி."

"கட்டுங்க. யாரு வேணாங்கறா?"

"இடது கையாலயா?"

அவர் பதறிப்போய்ப் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"ஐயையோ! சரி, நிச்சயமா வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மிச்சம் தானா வந்துரும்."

வாயைத் திறந்தேன்.

"நிச்சயமா வந்திருக்கக்கூடும்."

என் இடது மீசை கழன்று வாசலுக்குப் போய்விட்டது.

"இனிமே பேசாதீங்க," என்றார் கஜேந்திரன். "மேடை ஏற எதுவும் மிஞ்சாது."

ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனேன். நான் தத்தத் தத்த மண்டபம் நீண்டது. நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. பேருந்தும் வந்தது. நான் ஏறுவேனா என்று நடத்துனருக்குச் சந்தேகம். விசில் ஊதிவிட்டார்.

மேடையில் தங்கை சௌந்தரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, வலது கை எங்க?"

"வெளியில நிக்குது."

"செருப்பு விடற இடத்துலயா? எம்பொண்ணு கல்யாணத்தன்னைக்குத்தான் உனக்கு இப்படி ஆகணுமா?"

"முகூர்த்தம் போயிண்டிருக்கு," என்றார் ஐயர். "மாமா கட்டறாரா, இல்லையா?"

கட்டலாம் என்று சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மணப்பெண் பூங்கோதை நிமிர்ந்தாள்.

"விடுங்கம்மா. மாமா, பட்டம் வேணாம். நான் நல்லா இருப்பேன்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

அவளுக்கு நல்லதைத் தவிர நான் எதுவும் நினைத்ததில்லை. 'நல்லா இருப்பே' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வாய்ப்பிருக்கு."

மாப்பிள்ளையின் வலது பாதி எழுந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தது. வழியில் இரண்டு பேருக்குக் கும்பிடு போட முயன்றது. ஒரு கைதான் இருந்தது.

பூங்கோதை கொஞ்சம் யோசித்தாள்.

"எவ்வளவு வாய்ப்பு மாமா?"

"ஓரிரு இடங்களில்."

அவள் தலையாட்டினாள். பிறகு மிச்சமிருந்த மாப்பிள்ளையின் பக்கம் நகர்ந்து, காலியிடம் தெரியாதபடி ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பாதி அவளைப் பார்த்துச் சிரித்தது.

கெட்டிமேளம் கொட்டினார்கள். அட்சதைத் தட்டு வந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் இருந்த இடது கையை நீட்டினேன்.

தட்டு வைத்திருந்த பெண் என் கையைப் பார்த்தாள். அடுத்தவரிடம் போய்விட்டாள்.