லைனில் இரைச்சல்

கடலிலிருந்து என் புருஷன் பூவராகவன் ஒயர்லெஸ்ஸில் கூப்பிடுவது தெரியும். என்ன சொல்கிறார் என்றுதான் தெரியாது. ஒரு மாதமாக எங்கள் வீட்டு செட்டில் கொர்ரென்று ஒரே இரைச்சல். போன வருஷம் இதே வாடைக் காற்றில் ஒரு படகு கவிழ்ந்து, அதில் இருந்தவர்கள் கூப்பிட்டது கரையில் யாருக்கும் கேட்காமலே போய்விட்டது. தினமும் செட் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். இரைச்சலுக்குக் காரணம் என்று கும்மிடிப்பூண்டி கம்பெனிகளை நான் திட்டாத திட்டில்லை.

அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் தம்பி மதன், இரைச்சல் கரண்டு லைனில் வருகிறதா என்று அளக்க வந்தான். பேட்டரியில் ஓடும் மீட்டர், கூடவே ஒரு சின்னப் பெட்டி. அது கரண்டைத் தடுத்து இரைச்சலை மட்டும் மீட்டருக்கு விடுமாம். இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு, ஒயரை நேராக பிளக்கில் சொருகினால் ஆகாதா என்று கேட்டேன்.

"சொருகலாம்க்கா. அப்பால மீட்டரும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

மெயினை அணைத்த பிறகும், பேட்டரியில் ஓடும் எங்கள் செட் கத்தியது. ஆக, கோளாறு எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் மீட்டர் எகிறியது. அங்கே கன்னியம்மாக்காவின் புருஷன் சுப்பிரமணி அண்ணன் படுத்திருக்கிறார். ஒரு காலத்தில் என் புருஷனோடு ஒரே படகில் போனவர்; பிறகு கம்பெனி வேலைக்குப் போய் நுரையீரலைத் தொலைத்தார். இரைச்சல், அவருக்குக் காற்று கொடுக்கும் பழைய ஆக்சிஜன் மிஷினிலிருந்து வந்தது.

சரிபார்க்க மிஷினை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் செட்டில் படகுக்காரர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. அண்ணனின் உதடு கறுத்தது. நானே பாய்ந்து சுவிட்சைப் போட்டேன்.

மிஷினுக்கு இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மதன் கிளம்பினான். காற்றடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தட்டுமா என்று கன்னியம்மாக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வாய மூடுக்கா. அவரு மூச்சு வுடட்டும்," என்றேன்.

அண்ணன் எங்கள் செட்டையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபில்டர் வருவதற்குள் காற்று வந்துவிட்டது. மத்தியானம், கொர்ரென்ற சத்தத்துக்குள் என் புருஷன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நான் செட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று அழுதேன். சட்டென்று இரைச்சல் நின்றது.

"இன்ஜின் நின்னுபோச்சு. மொகத்துவாரத்துக்குக் கெழக்கால கீறோம். படகு அனுப்பு."

ஓடிப் போய்க் கரையில் இருந்தவர்களிடம் சொன்னேன். இரண்டு படகு கிளம்பியது. திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டு போனதால்தான் இரைச்சல் நின்றது என்று நினைத்திருந்தேன்; அது போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். கை சுவிட்சுப் பலகையின் மேல் இருந்தது. சுவிட்சைப் போட்டேன், மிஷின் ஓடியது, அவர் அசையவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த கன்னியம்மாக்கா வாசலில் நின்றாள். அவர் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"பூவராகவன் பேசனது கேட்டுச்சா பானு?"

"கேட்டுச்சுக்கா," என்றேன்.